சக ஆண்டு 556: மேகுட்டிக் குன்றின் சாட்சி

பாதாமியிலிருந்து ஐஹோளேக்குச் சாலை வழியே சுமார் 35 கிலோமீட்டர். சோளக் கொல்லைகளும் சூரியகாந்தி வயல்களும் மாறி மாறி வர, செம்மணற்கல் குன்றுகள் எட்டத்திலும் கிட்டத்திலுமாகக் கூடவே வருகின்றன. பாதி தூரம் தாண்டியதும் மலப்பிரபா ஆற்றங்கரையில் பட்டடக்கல். 1987இல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட கோயில்கள் அங்கே இருப்பதால் பயணிகளில் பெரும்பாலோர் பகலின் நல்ல நேரத்தை அங்கேயே செலவழித்துவிடுகிறார்கள். ஐஹோளேக்கு வந்து சேரும்போது வெயில் உச்சிக்கு ஏறியிருக்கும். அங்கும் ஊருக்குள்ளேயே நூற்றுக்கும் மேற்பட்ட கோயில்கள். பின்புறம் அரைவட்டமாக வளைந்த துர்கா கோயில், லாட்கான் கோயில், அருங்காட்சியகம் என்று சுற்றி முடித்தபின் குன்றின் மேல் ஏறக் கால் எழுவதில்லை. ஏறினால் சரிவின் பாதியில் பாறையை ஒட்டி இரண்டு அடுக்குள்ள ஒரு பௌத்தக் கோயில், அதற்கு மேலே பழைய கோட்டை மதில், மதிலுக்குள் வடக்கு நோக்கி நிற்கும் மேகுட்டி சமணக் கோயில். அலங்காரம் அதிகமில்லை. சில பகுதிகள் வேலை முடியாமலே நின்றுவிட்டன. கோயிலுக்குப் பின்னால் வரலாற்றுக்கு முந்திய காலத்துக் கல்திட்டைகள் கிடக்கின்றன. சிற்பத்துக்காக வருகிறவருக்கு இந்தக் குன்று ஏமாற்றம் தரலாம். தமிழ்நாட்டின் வரலாற்றில் அக்கறை உள்ளவர் ஐஹோளேயில் ஒரே ஓர் இடத்தைத்தான் பார்க்க முடியும் என்றால் அது இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

காரணம் கோயிலின் கிழக்குப் புறச்சுவரில் இருக்கிறது. 19 வரிகள், 37 செய்யுள்கள், வடமொழி, சாளுக்கியர் காலத்து உருண்டை எழுத்து. எழுதியவர் ரவிகீர்த்தி என்ற சமணப் புலவர். கோயிலைக் கட்டுவித்தவரும் அவரே. வாதாபியை ஆண்ட இரண்டாம் புலிகேசியின் ஆதரவைப் பெற்றவர். பாடல் சாளுக்கிய வமிசத்தில் தொடங்கி, முதலாம் புலிகேசியின் அசுவமேதம், கீர்த்திவர்மன் வென்ற நளரும் மௌரியரும் கதம்பரும், தன் மகனுக்கு அரியணை தேடிய மங்களேசன், அவனோடு மோதிய அண்ணன் மகன் புலிகேசி என்று வரிசையாக வருகிறது. பிறகு புலிகேசியின் வெற்றிகள்: வனவாசி முற்றுகை, கங்கர், ஆளுபர், கொங்கண மௌரியர், மேலைக் கடலில் நூற்றுக்கணக்கான கலங்களோடு தாக்கப்பட்ட புரி, லாடர், மாளவர், கூர்ஜரர், வடக்கே ஹர்ஷர், கிழக்கே கலிங்கமும் கோசலமும் பிஷ்டபுரமும். தெற்கே திரும்பும்போது, தன் எழுச்சியை எதிர்த்த பல்லவர் கோன் படை கிளப்பிய புழுதியில் மறைந்து காஞ்சியின் மதிலுக்குப் பின்னால் ஒதுங்கியதாகவும், யானைகள் அணைகட்டியதுபோல் நிற்கக் காவிரியைக் கடந்ததாகவும், சோழர் கேரளர் பாண்டியருக்கு நல்வாழ்வு தந்ததாகவும் சொல்கிறது. பாடப் புத்தகங்களும் சுற்றுலாக் கையேடுகளும் இந்தப் பகுதியோடு நிறுத்திக்கொள்கின்றன. கல்வெட்டு தரும் ஆண்டு சக 556, அதாவது 634. அந்த ஆண்டின் முக்கிய நிகழ்வுகள் என்று எவரேனும் பட்டியல் போட்டால் புலிகேசியின் வெற்றிகளை அந்த ஆண்டின் கீழ் எழுதிவிடுவதும் வழக்கமாகிவிட்டது.

இந்த வாசிப்பு தலைகீழானது என்பதே என் வாதம். அந்த வெற்றிகளில் எதுவும் 634இல் நடந்தது என்று கல்லில் இல்லை. ஐஹோளேயைப் பொறுத்தவரை அந்த ஆண்டில் நடந்ததாக உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: ஒரு சமணப் புலவர் கல்லால் ஒரு கோயில் கட்டினார், அதன் சுவரில் அது எந்த ஆண்டு என்பதை எண்ணாக வெட்டுவித்தார். சாதாரணச் செய்தியாகத் தோன்றும் இதுதான் அந்த ஆண்டின் பெரிய நிகழ்வு. ஏழாம் நூற்றாண்டில் பெரும்பாலான ஆண்டுகள் பின்னால் வந்தவர்கள் கணக்கிட்டுச் சொன்னவை. அந்த ஆண்டிலேயே வெட்டப்பட்டவை குறைவு. கணித்த ஆண்டுகள் பலவும் வெட்டிய ஆண்டுகளைப் பற்றிக்கொண்டே நிற்கின்றன. பல்லவ மன்னர்கள் மகேந்திரவர்மன், மாமல்லன் நரசிம்மவர்மன், சைவ அடியார்கள் அப்பர், சம்பந்தர், சிறுத்தொண்டர் என்று நாம் காலம் குறிக்கும் ஒரு தலைமுறை முழுவதும் மாட்டித் தொங்கும் ஆணிகளில் முதன்மையானது மேகுட்டிச் சுவரில் அடிக்கப்பட்டிருக்கிறது.

அதே ஆண்டில் உலகின் பிற இடங்களில் என்ன நடந்தது, அது நமக்கு எப்படித் தெரிந்தது என்று பார்த்தால் மேகுட்டியின் தனித்தன்மை விளங்கும். 634 ஆகஸ்டில் மதீனாவில் முதல் கலீபா அபூபக்கர் காலமானார், உமர் பொறுப்பேற்றார். அந்த மரணம் ஹிஜ்ரி 13 என்று எழுதப்படுகிறது. ஆனால் ஹிஜ்ரி கணக்கையே உமர்தான் அதற்குச் சில ஆண்டுகள் கழித்து ஏற்படுத்தினார். அபூபக்கர் இறந்த நாளில் அந்த ஆண்டுக்கு 13 என்ற எண் இல்லை. அதே ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் எருசலேமின் ஆயர் சொஃப்ரோனியஸ் ஓர் உரை ஆற்றினார். அரபுப் படைகள் பெத்லகேமைப் பிடித்திருப்பதால் திருநாளில் அங்கே போக முடியவில்லை என்ற துயரம் அதில் இருக்கிறது. ஆண்டெண் இல்லை. அந்தக் கிறிஸ்துமஸ் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது என்ற குறிப்பு மட்டும் உண்டு. 634 டிசம்பர் 25 ஞாயிறு. கிழமையைப் பிடித்துத்தான் ஆண்டைக் கண்டார்கள். இங்கிலாந்தின் வடபகுதியில் பெரும்பேர் பெற்ற துறவி குத்பெர்ட் இறந்த நாள் 687 மார்ச் 20 என்று துல்லியமாகத் தெரியும். பிறந்த ஆண்டு என்று நூல்கள் தரும் 634க்கு முன்னால் எப்போதும் ஒரு 'சுமார்' உண்டு. பிறக்கும்போது அவர் யாராகப் போகிறார் என்று எவருக்குத் தெரியும்? பழைய ஆண்டுப் பட்டியல்களில் பிறப்புகள் தள்ளாடுவதும் இறப்புகள் ஓரளவு நிலைத்து நிற்பதும் இதனால்தான். கிறிஸ்து பிறப்பிலிருந்து எண்ணும் முறை அப்போது இருந்தது. ஆனால் பீட் என்ற ஆங்கிலத் துறவி எட்டாம் நூற்றாண்டில் அதைக் கையாண்ட பிறகுதான் அது பரவலாயிற்று.

சீனா மட்டும் வேறு. அங்கே அரசவைக் குறிப்புகள் ஆண்டுவாரியாக வைக்கப்பட்டன. திபெத்தின் சோங்சன் காம்போ அனுப்பிய முதல் தூதுக்குழு தாங் பேரரசரின் ஆட்சிப்பெயர் ஆண்டு எட்டில், அதாவது 634இல், வந்தது என்று அறிவது அதனால்தான். கொரியாவின் சில்லா நாட்டில் புன்ஹ்வாங்சா பௌத்தக் கோயில் கட்டி முடிக்கப்பட்டதும் 634இன் தொடக்கத்தில். அதன் கல் பகோடாவின் மூன்று அடுக்குகள் இன்றும் கியோங்ஜுவில் நிற்கின்றன. ஆனால் கோயில் முடிந்த ஆண்டைச் சொல்வது பல நூற்றாண்டுகள் கழித்துத் தொகுக்கப்பட்ட வரலாற்று நூல். கட்டடம் ஓரிடத்தில், அதன் ஆண்டு வேறிடத்தில். மேகுட்டியில் இரண்டும் ஒரே சுவரில் இருக்கின்றன. சக ஆண்டு ஏறத்தாழ மார்ச்சில் பிறப்பதால், ரவிகீர்த்தியின் ஆண்டு 634 மார்ச்சிலிருந்து 635 மார்ச் வரை நீள்கிறது. கண்டிப்பாகப் பார்த்தால் அபூபக்கரின் மரணம் அதற்குள் அடங்கும், சில்லாவின் கோயில் அடங்காது. 'அதே ஆண்டு' என்று நாம் எளிதாகச் சொல்வது யாருடைய ஆண்டு என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இப்போது அந்தத் தேதியைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். செய்யுளின் யாப்புக்குள் எண்ணை அடக்க வேண்டியிருந்ததால் ரவிகீர்த்தி அதைத் துண்டு துண்டாகப் போட்டிருக்கிறார். பாரதப் போர் முடிந்து முப்பது, மூவாயிரம், எழுநூறு, ஐந்து என்று ஆண்டுகள் கழிந்தன என்கிறார். கூட்டினால் 3735. கலியுகத்தில் சக மன்னர்களின் ஆண்டுகள் ஐம்பது, ஆறு, ஐந்நூறு கழிந்தன என்கிறார். கூட்டினால் 556. இரண்டையும் நம் கணக்குக்கு மாற்றினால் ஒரே விடைதான் வருகிறது: 634. கலியாண்டு குறிக்கும் மிகப் பழைய கல்வெட்டுகளில் இது ஒன்று. சக ஆண்டை எண்ணாக வெட்டுவது சாளுக்கியர் மரபு. பாதாமிக் கோட்டைப் பாறையில் முதலாம் புலிகேசியின் கல்வெட்டு சக 465, அதாவது 543. அங்குள்ள மூன்றாம் குடைவரையில் மங்களேசனின் கல்வெட்டு சக 500, அதாவது 578. அதே வழக்கம் கடல் தாண்டியும் போயிருந்தது. கம்போடியாவின் அங்கோர் போரேயில் கிடைத்த கெமர் மொழிக் கல்வெட்டு சக 533ஐக் குறிக்கிறது, அது 611. அந்தக் காலத்தில் காஞ்சிப் பல்லவர் கல்வெட்டுகளில் இந்த வழக்கம் இல்லை. அவர்கள் அரசன் பட்டமேறி எத்தனையாவது ஆண்டு என்பதோடு விட்டுவிட்டார்கள். அரசன் எப்போது பட்டமேறினான் என்பது தெரிந்த அன்றைய மக்களுக்கு அது போதுமானது. நமக்குப் போதாது.

இந்தத் தேதியின் மேல் இரண்டு ஐயங்கள் எழலாம். இரண்டும் நியாயமானவை. முதலாவது, கலியும் சகமும் தனித்தனிச் சாட்சிகள் அல்ல என்பது. 3735லிருந்து 556ஐக் கழித்தால் 3179. கலிக்கும் சகத்துக்கும் இடையே வானியலார் வைத்திருந்த இடைவெளி சரியாக அதுவே. ஆரியபடர் 499ஐக் கலி 3600 முடிந்த ஆண்டாகக் கொண்டதும் இந்தக் கணக்கோடு பொருந்துகிறது. ஆகவே ரவிகீர்த்தியோ அவருக்குக் கணித்துக் கொடுத்தவரோ சக ஆண்டைத் தெரிந்துகொண்டு 3179ஐக் கூட்டிப் பாரதப் போர்க் கணக்கை எழுதியிருக்கலாம். பாரதப் போர் உண்மையில் எப்போது நடந்தது என்பதற்கு இந்தக் கல்லைச் சான்றாகக் காட்டுவோர் இன்றும் இருக்கிறார்கள். அதற்கு இது சான்றாகாது. ஏழாம் நூற்றாண்டில் கற்றோர் அதை எப்படிக் கணக்கிட்டார்கள் என்பதற்கு மட்டுமே சான்று. ஆனால் கல் வெட்டப்பட்ட ஆண்டுக்கு இந்த இணைப்பு பலமே. ஓர் எண்ணைக் கல்தச்சர் தவறாக வெட்டியிருந்தாலோ படித்தவர் தவறாகப் படித்திருந்தாலோ மற்றோர் எண் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டும் பொருந்துவதால் எழுத்துப் பிழைக்கு இடமில்லை. மேலும் 'கழிந்த' ஆண்டுகள் என்று புலவரே சொல்லிவிட்டதால், நடக்கும் ஆண்டா முடிந்த ஆண்டா என்று பல கல்வெட்டுகளில் வரும் ஓர் ஆண்டு ஐயமும் இங்கே எழவில்லை.

இரண்டாவது ஐயம் இன்னும் அடிப்படையானது. இது புகழ்ப்பாட்டு. காவிரியை யானைகளால் அடைத்ததாகச் சொல்லும் புலவரின் தேதியை மட்டும் எப்படி நம்புவது? ஒரு சாட்சியை எடைபோடும்போது எந்த இடத்தில் மிகைப்படுத்த அவனுக்குக் காரணம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். வெற்றியைப் பெருக்கினால் புரவலன் மகிழ்வான். ஆண்டை மாற்றினால் மகிழ்வதற்கு எவருமில்லை. கோயிலைப் பார்க்க வரும் ஊரார் எல்லோருக்கும் தெரிந்த எண் அது. அதனால் ஒரே கல்லில் வெற்றிகளைச் சந்தேகிப்பதும் தேதியை ஏற்பதும் முரண் அல்ல. வெற்றிகளையும் தேதியையும் ஒன்றாகக் கட்டியதால் விளைந்த குழப்பத்துக்கு ஹர்ஷர் போரே உதாரணம். நர்மதைப் பக்கத்தில் ஹர்ஷரைப் புலிகேசி தடுத்த போர் இந்தக் கல்வெட்டுக்குச் சற்று முன்புதான் நடந்திருக்கும் என்று பல வரலாற்றாசிரியர்கள் எழுதிவந்தார்கள். சில ஆண்டுகளுக்கு முன் புனேயில் பதிப்பிக்கப்பட்ட பீஜப்பூர்–மும்பைச் செப்பேடு 619ஆம் ஆண்டுக்குரியது. ஹர்ஷரை வென்ற செய்தி அதிலேயே இருக்கிறது. போர் பதினைந்து ஆண்டுகள் முந்தியதாயிற்று. கல்லின் எண் பொய்க்கவில்லை. அதற்கு உரியதல்லாத ஒன்றை அதன்மேல் ஏற்றியதுதான் பிழை.

காஞ்சியைப் பற்றிய வரிகளுக்கும் இதே அளவுகோல்தான். புலவர் என்ன சொல்கிறாரோ அதை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். பல்லவன் மதிலுக்குள் ஒதுங்கினான் என்கிறார். காஞ்சி விழுந்தது என்று சொல்லவில்லை. விழுந்திருந்தால் இந்தப் புலவர் அதை ஒரு சொல்லால் கடந்து போயிருக்க மாட்டார். பல்லவர் தரப்பில், பின்னால் வந்த காசாக்குடிச் செப்பேடு மகேந்திரவர்மன் புள்ளலூரில் பகைவரை முறியடித்ததாகச் சொல்கிறது. பகைவர் யார் என்று அது சொல்வதில்லை, பல்லவன் யார் என்று ஐஹோளே சொல்வதில்லை. இரண்டையும் பொருத்தி 'மகேந்திரன், புலிகேசி' என்று வாசிப்பது நம் முடிவு. நல்ல முடிவுதான். ஆனால் அதற்கு ஓர் ஆண்டு கிடைப்பது இந்தச் சுவரிலிருந்து. செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இல்லாமல் கோயில் எடுத்தேன் என்று மண்டகப்பட்டில் அவ்வளவு பெருமிதத்தோடு எழுதிய மகேந்திரன், அது எந்த ஆண்டு என்று எழுதவில்லை. தமிழகக் கோயிற்கலையில் ஒரு திருப்புமுனையான அந்தக் குடைவரைக்கு நாம் தரும் காலம் முழுக்கக் கணித்தது. பல்லவர், சோழர், கேரளர், பாண்டியர் என்ற நான்கு பெயர்களும் காஞ்சியும் காவிரியும் ஓர் ஆண்டெண்ணோடு சேர்ந்து ஒரே இடத்தில் வரும் ஆவணமாக அந்த நூற்றாண்டில் மேகுட்டிக்கு இணையான இன்னொன்றைக் காட்டுவது கடினம். பாண்டிய நாட்டில் கலியாண்டு 3871 என்று ஆனைமலை நரசிங்கர் குடைவரையில் வெட்டப்படுவது 770இல். இடையில் 136 ஆண்டுகள்.

பாதாமிக்குத் திரும்பினால் மறுமொழி கிடைக்கிறது. அகத்திய தீர்த்தம் என்ற பெரிய ஏரி, மூன்று பக்கமும் செங்குத்தான சிவந்த பாறை, தெற்கே நான்கு குடைவரைகள், வடக்கே கோட்டை. இந்த ஊர்தான் வாதாபி. ஊருக்குள் ஒரு கோயிலை ஒட்டிய பாறையில் சிதைந்த ஒரு கல்வெட்டு இருக்கிறது. எழுத்து பல்லவருடையது. நரசிம்மனின் பெயரும் வாதாபியின் பெயரும் அதில் உண்டு. ஆட்சியாண்டு 13 என்று படித்திருக்கிறார்கள். பகைவரின் தலைநகரிலேயே தன் எழுத்தை வெட்டிவிட்டுப் போன பல்லவனின் நேரடிச் சாட்சி இது. கூரம் செப்பேடு பரியளம், மணிமங்கலம், சூரமாரம் ஆகிய போர்களில் நரசிம்மன் புலிகேசியை வென்றதையும் வாதாபியை அழித்ததையும் சொல்கிறது. மணிமங்கலம் காஞ்சிக்கு அருகே உள்ள ஊர். சாளுக்கியப் படை அத்தனை தூரம் உள்ளே வந்த பிறகே திருப்பி விரட்டப்பட்டிருக்கிறது. ஆனால் பாறையும் செப்பேடும் ஆண்டைச் சொல்வதில்லை. 642 என்று நாம் எழுதுவது எப்படி? மேகுட்டிச் சுவரின்படி 634-35இல் புலிகேசி வாதாபியில் வீற்றிருக்கிறான். சீனப் பயணி யுவான் சுவாங் 641ஐ ஒட்டி மகாராட்டிர நாட்டைக் கடக்கும்போதும் அவன் வலிமையோடு ஆள்கிறான். ஹர்ஷராலும் அவனை அடக்க முடியவில்லை என்று அவர் எழுதுகிறார். 655 வாக்கில் மகன் விக்கிரமாதித்தன் இழந்த அரசை மீட்டுப் பட்டமேறுகிறான். இடைப்பட்ட காலத்தில்தான் வாதாபி விழுந்திருக்க வேண்டும். யுவான் சுவாங் கண்டதற்கு அடுத்து என்று வைத்து 642 என்கிறோம். அதை 13ஆம் ஆட்சியாண்டாகக் கொண்டு பின்னோக்கி எண்ணி நரசிம்மன் பட்டமேறியது 630 என்கிறோம். அங்கேயே மகேந்திரனின் ஆட்சி முடிந்தது என்கிறோம். பாடப் புத்தகத்தில் உறுதியாக நிற்கும் 630 என்ற எண்ணின் பிறப்பு இதுதான்.

இந்தச் சங்கிலி அரசர்களோடு நின்றுவிடவில்லை. சிறுத்தொண்ட நாயனார் அடியார் வாழ்வுக்கு வருமுன் மன்னனின் படையோடு வாதாபிக்குப் போய் அந்நகரை அழித்தவர் என்று பெரியபுராணம் சொல்கிறது. மன்னன் பெயரைச் சொல்லவில்லை. கல்வெட்டறிஞர் வெங்கையா போன்றோர் இதை நரசிம்மவர்மனின் வெற்றியோடு பொருத்தினார்கள். திருச்செங்காட்டங்குடிப் பதிகத்தில் சம்பந்தர் சிறுத்தொண்டரைப் பெயர் சொல்லிப் பாடியிருக்கிறார். ஆகவே சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டின் நடுப்பகுதி. சம்பந்தரைச் சந்தித்த அப்பர் அதற்குச் சற்று மூத்தவர். அப்பரைத் துன்புறுத்திப் பின் சைவனான பல்லவன், திருச்சி மலைக் கல்வெட்டில் குணபரன் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் மகேந்திரன். திருவதிகையில் அவன் எடுத்த கோயில் குணபர ஈச்சரம். தேவார காலம் என்று நாம் வழக்கமாகச் சொல்வது ஐஹோளேயிலும் பாதாமியிலும் கிடைத்த கற்களின் மேல் இப்படி ஏறி நிற்கிறது. சைவ இலக்கிய வரலாற்றின் நடுக்கல் ஒரு சமணக் கோயிலின் சுவரில் இருப்பதில் எனக்கு வியப்பைவிட நன்றியே அதிகம்.

சங்கிலி பலவீனமானது என்று ஒருவர் மறுக்கலாம். சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டுக்காரர். ஐந்நூறு ஆண்டு இடைவெளியில் ஒரு படைத்தலைவனின் பெயர் வேறோர் அடியார்மேல் ஏறியிருக்கலாம். வாதாபிமேல் படையெடுத்த பல்லவன் நரசிம்மன் மட்டும்தானா, பேரன் பரமேசுவரவர்மன் காலத்திலும் சாளுக்கியருடன் கடும் போர் நடந்ததே என்றும் கேட்கலாம். கேட்டிருக்கிறார்கள். வாதாபிக்குள்ளேயே பல்லவக் கல்வெட்டு விட்டுப்போனவன் நரசிம்மன் ஒருவனே என்பது இதற்குப் பதில். பின்வந்த செப்பேடுகள் வாதாபியின் அழிவை அவன் பெயரோடு மட்டும் திரும்பத் திரும்ப இணைக்கின்றன. இலங்கையின் மகாவமிசமும் மானவர்மன் என்ற சிங்கள இளவரசன் நரசிம்மனோடு நின்று வல்லபனுக்கு எதிராகப் போரிட்டதாகச் சொல்கிறது. நரசிம்மன் கண்ணி வலுவாகவே இருக்கிறது. சிறுத்தொண்டர் கண்ணி அதைவிட மெல்லியது. அதை மறைக்கக் கூடாது. ஆனால் கண்ணி மெலிந்திருப்பதற்கும் ஆணி ஆடுவதற்கும் வேறுபாடு உண்டு. ஒரு நாள் புதிய செப்பேடு கிடைத்து 642 என்பது 645 ஆகலாம், சம்பந்தரின் காலம் சற்று நகரலாம். மேகுட்டியின் 634 நகராது.

இன்னொரு மறுப்பு உணர்வு சார்ந்தது. நம்மை வென்றதாகச் சொல்லும் பகையரசனின் புகழ்ப்பாட்டிலிருந்தா நம் வரலாற்றுக்குக் காலம் தேட வேண்டும்? தமிழ் மண்ணிலேயே அப்படி ஒன்றும் இல்லையா? ஒன்று உண்டு. லோகவிபாகம் என்ற சமண நூல், பாடலிகை என்ற ஊரில் சர்வநந்தி அதை முடித்த காலத்தைச் சக ஆண்டு 380 என்றும், அது காஞ்சி மன்னன் சிம்மவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டு என்றும் குறிக்கிறது. கி.பி. 458. பாடலிகை என்பது இன்றைய கடலூரின் திருப்பாதிரிப்புலியூர்ப் பகுதி. அப்பர் தருமசேனராகச் சமண மடத்தில் இருந்த பாடலிபுத்திரம் அதுவே. முற்காலப் பல்லவருக்கு உறுதியான ஆண்டு அந்தக் குறிப்பிலிருந்துதான் கிடைக்கிறது. மூல நூல் அழிந்துவிட்டது. பிற்கால வடமொழி வடிவம்தான் இருக்கிறது. மேலும் அது மகேந்திரனுக்கு ஒன்றரை நூற்றாண்டு முந்தியது, நம் சிக்கலை அது தீர்க்காது. ஆனால் சாளுக்கிய நாட்டிலும் பல்லவ நாட்டிலும் ஆண்டை எண்ணாக எழுதிவைக்கும் பழக்கம் சமணரின் கையிலும் இருந்தது என்பதை இரண்டும் சேர்ந்து காட்டுகின்றன. நான் இதை ஒரு தற்செயலாகக் கருதவில்லை. அரசனின் புகழை எழுதும்போதும் அரசனின் ஆட்சிக்கு வெளியே ஓடும் ஒரு காலக் கணக்கில் அதைப் பொருத்திப் பார்த்தவர்கள் அவர்கள். பகையரசனின் கல் என்ற மனத்தாங்கலும் நிற்காது. எட்டாம் நூற்றாண்டில் காஞ்சிக்குள் நுழைந்த சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன், கைலாசநாதர் கோயிலின் செல்வத்தைத் திருப்பித் தந்ததாக அங்கேயே கன்னடத்தில் வெட்டிவிட்டுப் போனான். அந்தக் கல்லும் நம் கோயிலில்தான் நிற்கிறது. அந்த வெற்றியை நினைவுகொள்ள அவன் அரசி எடுத்த கோயில் பட்டடக்கல்லில் நிற்கிறது. இரண்டு நாடுகளின் வரலாறும் ஒன்றின் சுவரில் மற்றொன்றாக எழுதப்பட்டிருக்கிறது.

பாட்டின் முடிவில் ரவிகீர்த்தி தன்னைக் காளிதாசனுக்கும் பாரவிக்கும் நிகரான புகழ் பெற்றவன் என்கிறார். அந்த மதிப்பீட்டைப் பின்வந்த உலகம் ஏற்கவில்லை. ஆனால் காளிதாசன் எப்போது வாழ்ந்தான் என்ற முடிவில்லாத விவாதத்தில் அதற்குமேல் போக முடியாது என்று ஒரு கோடு கிழித்தது அவருடைய அந்தப் பெருமிதம்தான். 634இல் காளிதாசன் ஏற்கெனவே புகழின் உச்சியில் இருக்கிறான். பாட்டு முடிந்தபின் கடைசியாக இரண்டு வரிகள், அவற்றில் ஒன்று மிகச் சிறியது. பின்னால் சேர்க்கப்பட்டவை என்று பதிப்பாசிரியர்கள் கருதுகிறார்கள். கோயிலுக்கு உரிய ஊர்களின் பெயர்கள் அவற்றில் இருக்கின்றன. வெற்றிச் செய்யுள்களைவிட இந்த ஊர்ப் பெயர்கள்தான் அன்றைய குடிகளின் வாழ்வைத் தொட்டிருக்கும். எந்த ஊரின் விளைச்சல் எந்தக் கோயிலுக்குப் போகும் என்பதை அவை தீர்மானித்தன.

ஐஹோளேக்குப் போகும் தமிழ்ப் பயணிகளிடம் ஒரு வேண்டுகோள். ஊருக்குள் இருக்கும் கோயில்களை முதலில் பார்க்காமல், காலை வெயில் ஏறுமுன் மேகுட்டிக் குன்றுக்குப் போய்விடுங்கள். கிழக்குச் சுவரில் வெளிச்சம் விழும் நேரமும் அதுவே. கல்லைத் தொடாமல் பாருங்கள், எழுத்து ஏற்கெனவே தேய்ந்திருக்கிறது. நம் பாடநூல் எழுதுவோரிடமும் ஒன்று கேட்க வேண்டும். வாதாபி வெற்றி 642, மகேந்திரன் மறைவு 630, சம்பந்தர் காலம் என்று அச்சிடும் ஒவ்வோர் எண்ணுக்கும் முன்னால் 'சுமார்' என்று சேருங்கள், அது எப்படிக் கணித்த எண் என்று ஒரு வரியில் மாணவருக்குச் சொல்லுங்கள். ஐஹோளேக் கல்வெட்டின் 634க்கு முன்னால் அந்தச் சொல் தேவையில்லை.